மறுபடியும் ஒன்பதாவது

துடியலூரில் ஏறிய இரண்டு டீச்சர்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். வெளியே சாரல். பஸ் தொட்டில் மாதிரி ஆடியது. தூங்குகிறவள் போல நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூட முடியுமா?

"நான் இப்ப ஒம்பதாவது படிக்கறேனுங்க அக்கா," என்றாள் இளையவள்.

"ஏனுங்க டீச்சர், மறுபடியுமா?" என்றாள் பெரியவள்.

"போன்லதானுங்க. புள்ளைங்க அதுல என்ன பண்ணுதுன்னு பாக்க, பொய்ப்பேர்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சேன். கிளாஸ்ல வாயே தொறக்காத வித்யா அதுல எங்கிட்ட அவ்வளவு பேசறா. பள்ளிக்கூடத்த உட்டு நின்னுக்கறேங்கறா. வேண்டாம்னு தெனமும் கெஞ்சிட்டிருக்கேன்."

"நீங்கதான்னு தெரிஞ்சா?"

"அன்னிக்கே நின்னுருவாளோன்னு பயமுங்க."

"புள்ளையாட்டவே பேசறீங்களா?"

"பேசறேன். ஆனா எடுத்ததும் 'சாப்பிட்டியா கண்ணு'ன்னு கேட்டுப்போடறேன். தெனமும் அட்டென்டன்ஸ் எடுக்கையில கேக்கற பழக்கம்."

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எந்த ஒம்பதாவது புள்ள அப்பிடிக் கேக்கும்?"

இளையவள் ஜன்னல் கண்ணாடியின் ஆவியை விரலால் துடைத்தாள்.

"இன்னிக்குக் காலைல அவ பேரக் கூப்பிட்டேன். எப்பவும் தலையத்தான் ஆட்டுவா. இன்னிக்கு எந்திரிச்சு நின்னு, 'நீங்க சாப்பிட்டீங்களா மிஸ்'னு கேட்டா."

கவுண்டம்பாளையத்தில் பஸ் நின்றது. நான் இறங்க வேண்டிய இடம். இறங்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானும் தலையத்தான் ஆட்டினேன்."