பல் பெட்டியை நான்தான் எடுத்தேன்

என் வழிகாட்டிப் பேராசிரியர் என் ஆய்வைத் திருடித் தன் மருமகனுக்குக் கொடுத்தார்.

இந்தக் காவல் நிலைய வாக்குமூலத்தின் மேலே குறிக்கப்பட்டுள்ள பெயரும் வயதும் முகவரியும் என்னுடையவை. மேற்படி முகவரியில் அக்காவுடன் குடியிருந்து வருகிறேன். அக்கா முன்னறையில் அழகு நிலையம் நடத்துகிறாள். நான் பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி வழி முதுநிலைப் படிப்பில் இறுதியாண்டு படிக்கிறேன். இந்தப் பட்டத்துக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, ஆய்வைத் தானே செய்து, ஆய்வேடு எழுதி, அதிலிருந்து ஒரு கட்டுரையாவது தன் பெயரில் ஆய்விதழில் வெளிவந்து, கடைசியாகப் பொது வாய்மொழித் தேர்வில் எல்லோர் முன்னிலும் நின்று பதில் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் பட்டம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக மாலை நேரங்களில் அவருடைய சொந்தக் கிளினிக்கில் சம்பளம் இல்லாமல் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் போல, கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். என் வகுப்பிலேயே படிக்கும் அவருடைய மருமகன் நிற்கவில்லை.

என் ஆய்வு, பல் அடைக்கும் ஒரு புதிய பொருள் ஓரத்தில் கசிகிறதா என்பது. பிடுங்கிய பல்லில் குழி வெட்டி அடைத்து, அடைப்பைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு மீதிப் பல் முழுவதும் நகப்பூச்சு பூசிச் சாயத்தில் ஊறப்போட வேண்டும். அதன் பிறகு பல்லை நெடுக்காக அறுத்து, சாயம் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நகப்பூச்சை அக்காவின் கடையிலிருந்து எடுத்துப் போனேன். பாதி வேலையில் நிறமில்லாத பூச்சு தீர்ந்துவிட்டது. யாரும் வாங்காமல் கிடந்த ஊதா நிற ஜிகினாப் பூச்சுதான் மிச்சம் இருந்தது. அதைக் கேட்டபோது அக்கா, "எங்கிட்ட வர்றவங்க நகத்துக்கே வேணாம்னு சொன்னதுடி அது. உன் பல்லுங்களுக்கு என்ன கல்யாணமா?" என்றாள். பூச்சு எந்த நிறமானாலும் ஆய்வுக்குப் பாதகம் இல்லை என்பதால் அதையே பூசினேன்.

அதன் பிறகு முடிவுகளையும் படங்களையும் பேராசிரியரிடம் கொடுத்தேன். அதன் பிறகு கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியபோது, இதே படங்கள் வேறொரு இதழில் ஏற்கெனவே வந்துவிட்டன என்று பதில் வந்தது. தேடிப் பார்த்ததில் முதல் பெயர் மருமகனுடையது, இரண்டாவது பெயர் பேராசிரியருடையது, என் பெயர் நன்றி தெரிவிக்கும் இடத்தில்கூட இல்லை. பேராசிரியரின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏம்மா, டிபார்ட்மெண்ட்னா ஒரு குடும்பம் மாதிரி. விட்டுக்கொடுத்துப் போ. உனக்கு அடுத்த வருஷம் வேற தலைப்பு தர்றேன்" என்றார். எனக்கு அடுத்த வருடம் கட்டணம் கட்ட வழியில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தேன். செய்முறைப் பகுதியை வேறு யாருடைய பழைய கட்டுரையிலிருந்தோ எடுத்திருந்தார்கள்; அதில் நகப்பூச்சைப் பற்றி ஒரு வரியும் இல்லை. படங்களில் பல்லின் ஓரத்தில் மின்னுவது என்னவென்று மருமகனுக்குத் தெரியவில்லை. தெரியாததால், அடைக்கும் பொருளிலிருந்து ஒளிரும் படிகங்கள் உருவாகிப் பல்லைப் பாதுகாக்கின்றன என்று ஒரு பத்தி எழுதியிருந்தார். பேராசிரியர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். நான் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதன் பிறகு மருமகனின் பொது வாய்மொழித் தேர்வு அறிவிக்கப்பட்டது. அன்று காலை என் பல் பெட்டியை ஆய்வக அலமாரியிலிருந்து எடுத்தேன். பூட்டை உடைத்தேன் என்று என் மேல் கொடுத்திருக்கும் புகாரில் இருப்பது பொய். அந்த அலமாரியின் சாவி, ஆய்வகப் பொறுப்பாளர் கையால் கொடுத்து, சேர்ந்த நாள் முதல் என்னிடம் இருக்கிறது.

அரங்கில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா முன்வரிசையில் இருந்தார். மருமகன் என் படங்களைத் திரையில் காட்டிப் பேசி முடித்ததும் கையைத் தூக்கினேன். பேராசிரியர், "ஸ்டூடண்ட்ஸ் கேள்விக்கெல்லாம் நேரமில்ல, உக்காரு" என்றார். தேர்வாளர், "பொதுத் தேர்வுதானே சார், கேக்கட்டும்" என்றார். ஓரத்தில் மின்னுவது என்ன என்று கேட்டேன். மருமகன் படிகம் என்றார். எப்படி உருவானது என்று கேட்டேன். ரசாயன மாற்றம் என்றார். நான் பெட்டியைத் திறந்து, அறுத்த பல் ஒன்றையும் அக்கா கடைப் பூச்சுப் புட்டியையும் தேர்வாளர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டி, தன் நகத்தால் பல்லைச் சுரண்டினார். ஊதாத் தோல் ஜிகினாவோடு உரிந்து அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. அதை மருமகனிடம் நீட்டி, "தம்பி, இந்தப் படிகத்தை என் பேத்தி கால் விரல்ல போட்டுக்கறா" என்றார். அரங்கம் அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவர், "ரசாயன மாற்றம் என்ன விலைங்க?" என்று கத்தினார். கிளினிக்கில் என்னோடு குழாய் பிடித்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அதன் பிறகு தேர்வாளர் குழியின் ஆழம் என்ன, சாயம் எது, எவ்வளவு நேரம் ஊறியது என்று மருமகனைக் கேட்டார். அவர் ஒவ்வொரு கேள்விக்கும் மாமனார் முகத்தைப் பார்த்தார். அதே கேள்விகளைத் தேர்வாளர் என்னிடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் நின்ற இடத்திலேயே பதில் சொன்னேன். தேர்வு நிறுத்தப்பட்டது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று தேர்வாளர் எழுதிக் கொடுத்தார். கல்லூரி எனக்கு வேறு வழிகாட்டியை நியமித்து, கட்டுரை என் பெயரில் வெளிவர அவகாசமும் கொடுத்து, வரும் வாரம் அதே அரங்கில் என் தேர்வை வைத்திருக்கிறது. அதன் பிறகுதான் பேராசிரியர் கல்லூரிச் சொத்தைத் திருடிவிட்டேன் என்று இங்கே புகார் கொடுத்தார். பெட்டி கைப்பற்றப்பட்டது.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். என் வாயிலிருந்து வந்ததுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வற்புறுத்தல் இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன். போடும் முன் மூன்று கேட்கிறேன். பெட்டியில் அறுக்காத பற்களும் இருக்கின்றன, காய்ந்தால் விரிசல் விடும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள். தேர்வுக்கு முன் பெட்டியை என்னிடம் கொடுங்கள். என் ஆய்வைத் திருடியவர் மேல் நான் கொடுக்கும் புகாரை இதே மேசையில் எழுதிக்கொள்ளுங்கள்.



ஒப்பம்.