மூச்சு முட்டாத முகமூடி

உங்கள் மகளைப் பற்றிக் கேட்டீர்களே, இன்ஸ்பெக்டர் சார், அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் படிக்கட்டும். நானோ தொழில்நுட்பம் படித்தால் வேலை கிடைக்காது என்பவர்கள் விசாரிக்காமல் பேசுகிறவர்கள். இயற்பியலோ வேதியியலோ ஒழுங்காகப் படித்துவிட்டு, மேற்படிப்பில் இந்தப் பக்கம் திரும்பினால் போதும். பொறுமை வேண்டும். கை நடுங்கக் கூடாது. கூட வேலை செய்கிறவர்களை அனுசரித்துப் போக வேண்டும். நான் ஆய்வகத்தில் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதுகூடக் கிடையாது. கேட்டுப் பாருங்கள்.

டீ போதும். மகாபலிபுரத்து டீயில் எப்போதும் சர்க்கரை தூக்கல்.

நான் சொன்னதை நீங்கள் எழுதி வாசித்துக் காட்டினீர்கள். பெயர் வைஷாலி, கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள், நாவலூருக்குத் தெற்கே ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர். எல்லாம் சரி. நோக்கம் என்ற இடத்தில் மட்டும் 'பொறாமை' என்று போட்டிருக்கிறீர்கள், காசிநாதன் சார். அது தவறு. அதைத் திருத்தத்தான் மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் நிறுவனத்தில் படகு என்ஜினைக் கடலுப்பு தின்னாமல் காக்க ஒரு பூச்சு தயாரிக்கிறோம். அதில் கலப்பது ஒரு கறுப்புத் தூள். கரியால் ஆன மிக நுண்ணிய குழாய்கள். கோலமாவு பறந்தால் கண்ணுக்குத் தெரியும், மூக்கில் ஏறினால் தும்மலில் வந்துவிடும். இது அப்படியில்லை. பறப்பதும் தெரியாது, உள்ளே போவதும் தெரியாது. போனது வெளியே வருவதும் சந்தேகம். எவ்வளவு போனால் நுரையீரல் என்ன ஆகும் என்பதுதான் என்னுடைய ஆராய்ச்சி. ஆக, நான் பாதுகாப்புப் பிரிவு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பூங்கொடி எனக்குப் பிறகு சேர்ந்தவள். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். நெல் விதைக்கிற குடும்பம். அந்த வீட்டில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் ஆள். வந்த முதல் நாளே என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, ஒப்பும் இல்ல ஒறப்பும் இல்ல. டவுன்ஷிப்ல எல்லாரும் பேஷண்டா? இந்தா, எங்கம்மா வெச்ச கருவாட்டுக் கொழம்பு. தொட்டுப் பாரு, அப்பறம் உன் வூட்டுக்கே போமாட்ட."

அன்றிலிருந்து ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். நானும் அவளும் சேர்ந்து செய்த ஒரு வேலை கட்டுரையாக வெளிவந்தது. எங்கள் துறையில் யார் பெயர் முதலில் வருகிறது என்பதுதான் கணக்கு. இரண்டாவது பெயரை யாரும் வாசிப்பதில்லை. அவள் பெயரை முதலில் போட்டிருந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

எங்கள் எடை அறையில் ஒரு வழக்கம் உண்டு. தூளை நிறுக்கும்போது மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம். காற்று அசைந்தால் தூள் தட்டில் நிற்காது. கதவைச் சாத்திக்கொண்டு, வியர்வை ஒழுக ஒழுக நிறுப்போம். அதற்கு முன்னால் ரப்பர் முகமூடி. இரண்டு கன்னத்திலும் வட்டமாக ஒரு டப்பி, அதற்குள் பில்டர். மாட்டியதும் எதிரில் நிற்பவர் தன் உள்ளங்கைகளால் இரண்டு டப்பிகளின் வாயையும் பொத்துவார். மாட்டியவர் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். ரப்பர் முகத்தோடு கப்பென்று ஒட்டினால் சரி, வேலையை ஆரம்பிக்கலாம். அவளுக்கு நான் பொத்துவேன், எனக்கு அவள்.

"அக்கா, இந்த மாதிரி எம் மூஞ்சிய எங்கம்மாகூட புடிச்சதில்ல" என்பாள்.

இந்தச் சோதனையை எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ரப்பர் ஓரத்தில் காற்று கசிகிறதா என்பதை மட்டும்தான் அது காட்டும். டப்பிக்குள் பில்டர் இருக்கிறதா என்பதைக் காட்டாது. வாயைப் பொத்திவிட்டால் காலி டப்பியும் முகத்தோடு ஒட்டத்தான் செய்யும். உங்கள் மகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். டப்பியைத் தானே திறந்து, கண்ணால் பார்த்துவிட்டு மாட்டட்டும்.

பூங்கொடி திறந்து பார்க்கிறவள் இல்லை. பில்டர் மாற்றுவது என் பொறுப்பு. நான் இருக்கும்போது அவள் ஏன் பார்க்க வேண்டும்?

போன வருடம் மாசியில் ஒருநாள், தூளை நிறுத்து முடித்து வெளியே வந்ததும் சொன்னாள். "சூப்பரா கீதுக்கா இந்த மாஸ்க். மூச்சே முட்டல. மாத்திட்டியா?"

"மாத்தியிருக்கேன்" என்றேன். பொய் சொல்வது எனக்கு வராது.

அந்த முகமூடியில் மார்க்கரால் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்தாள். "வேற எவன்னா தொட்டான், கைய ஒடிச்சிடுவேன்" என்று அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவைத்தாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

அதற்குச் சில மாதம் முன்புதான் எங்கள் இயக்குநர் திருநாவுக்கரசு சார் ஒரே ஒரு நிரந்தர வேலை வரப்போவதாகச் சொல்லியிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "பூங்கொடி பேப்பர் நிறைய வெச்சிருக்கும்மா. நீ சீனியர்தான், ஆனா உன்கிட்ட பெருசா ஒரு ரிசல்ட் இல்லியே" என்றார். நியாயமான பேச்சு. பெரிய முடிவு வேண்டுமென்றால் சோதனை செய்ய வேண்டும். எலிகளை வைத்துச் செய்ய விண்ணப்பித்தேன். எலிகளுக்காகப் பேச ஒரு குழு இருக்கிறது, சார். கால்நடை மருத்துவர் இருக்கிறார், நிறுவனத்தைச் சேராத ஒருவரும் உட்காருகிறார். எலிக்கு வலிக்குமா, கூண்டில் இடம் போதுமா, இத்தனை எலி எதற்கு என்றெல்லாம் கேட்டார்கள். திரும்பவும் எழுதிக்கொடுத்தேன். திரும்பவும் மறுத்துவிட்டார்கள்.

பூங்கொடிக்காக அப்படிக் கேட்க ஒரு குழுவும் இல்லை. நான்தான் இருந்தேன்.

இருமல் சித்திரையில் ஆரம்பித்தது. வறட்டு இருமல். மாடி ஏறினால் பாதியில் நின்று, "வயசாயிடுச்சுக்கா, எனக்கு மாப்ள பாக்க வேணாம், கைத்தடி பாக்கச் சொல்லு" என்பாள். செங்கல்பட்டுக்கு என் ஸ்கூட்டரில்தான் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். வேலை செய்யும் இடத்தில் தூசி உண்டா என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். "மாஸ்க் போட்டுகினுதான் சார் செய்றோம்" என்றாள். என்னை அவர் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறை எடுத்த படத்தையும் நான்தான் பத்திரப்படுத்தினேன். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தினேன். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்கு வருவாள், மறுபடி படுப்பாள், மறுபடி வருவாள். அவள் அம்மா ஆராயி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நீ நல்லா இருக்கணும் கண்ணு. கூடப் பொறந்ததுகூட இப்டி பாக்காது. இவ அப்பன் ஒருநாளாச்சும் வந்து எட்டிப் பாத்தானா, கேளு."

"அவர வுடும்மா" என்றாள் பூங்கொடி. "அறுப்பு நேரம். நெல்லு காத்துகினு கீது, நான் இன்னா காத்துகினா கீறேன்?"

மூன்று பேரும் சிரித்தோம். அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

இப்போது நீங்கள் எழுதிய சொல்லுக்கு வருகிறேன். ஆடி மாதத்தில் திருநாவுக்கரசு சார் என்னை மறுபடி கூப்பிட்டார். "உனக்குத்தான் வேலைன்னு வெச்சுக்கோம்மா. பூங்கொடி விலகிடுச்சு. போன தையிலேயே வந்து சொல்லிட்டுப் போச்சு, அக்காவுக்குப் போகட்டும் சார், நான் அடுத்ததுக்குப் பாத்துக்கறேன்னு. உன்கிட்ட சொல்ல வேணாம்னுச்சு. நீ வருத்தப்படுவியாம்."

தை மாதம் என்றால், நான் பில்டரை எடுப்பதற்கும் முன்னால்.

அவள் என்னிடம் நேரடியாகச் சொல்லியிருக்கலாம். கூட வேலை செய்கிறவர்கள் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது இதற்காகத்தான். நான் எடை அறைக்குப் போனேன். அவள் முகமூடி ஆணியில் தொங்கியது. பில்டர் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. திரும்ப வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

வைக்கவில்லை.

பாதியில் நிறுத்தினால் அது சோதனையே ஆகாது, சார். அதுவரை அவள் பட்டதெல்லாம் வீணாகிவிடும். அந்தப் பாவம் என்னைச் சேரக் கூடாது என்று நினைத்தேன். கார்த்திகை வரை அவள் வந்துபோனாள். நான் உள்ளங்கையால் பொத்துவேன், அவள் இழுப்பாள், ஒட்டும். கடைசியில் அவளால் இழுக்க முடியவில்லை. அன்றைக்கு மட்டும் ஒட்டவில்லை.

இதைத்தான் யோசித்துப் பாருங்கள். பொறாமை என்றால் ஆடியிலேயே முடிந்திருக்க வேண்டும். வேலை எனக்குத்தான் என்றாகிவிட்ட பிறகு எதற்குப் பொறாமை?

போன வாரம் அவளுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஆராயியம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். பூங்கொடி ஆக்சிஜன் முகமூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா. இதுல காத்து நேரா வருது."

"ஆமா."

"லேப்ல என் மாஸ்க்லயும் இப்டித்தான் வந்துச்சு."

நான் ஒரு ஆரஞ்சை எடுத்து ஆராயியம்மாவிடம் நீட்டினேன்.

"உள்ள பில்டர் இருந்துச்சா?"

"இல்லை" என்றேன்.

அவள் ஆக்சிஜன் முகமூடியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள். "கண்ட்ரோல் யாரு?"

எந்தச் சோதனையிலும் இரண்டு தரப்பு வேண்டும், சார். ஒன்று மருந்தையோ விஷத்தையோ வாங்கிக்கொள்வது. இன்னொன்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அதை மட்டும் வாங்கிக்கொள்ளாதது. அதைத்தான் கண்ட்ரோல் என்போம். அது இல்லாவிட்டால் முடிவை யாரும் நம்ப மாட்டார்கள். அழவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, நேரே அந்தக் கேள்விக்கு வந்துவிட்டாள். அவளைப் போல ஒரு ஆராய்ச்சியாளரை நான் பார்த்ததில்லை.

"நான்தான்" என்றேன். அதே அறை, அதே தூள், அதே நேரம். என் டப்பியில் பில்டர் இருந்தது.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆராயியம்மாவுக்குக் கண்ட்ரோல் புரியவில்லை. 'இல்லை' புரிந்திருக்கிறது. மறுநாள் காலை உங்கள் ஸ்டேஷன் வாசலில் நின்றதாகச் சொன்னீர்கள். நீங்கள் வந்ததும் நான் எதையும் மறுக்கவில்லை. படங்களையெல்லாம் தேதி வரிசையில் அடுக்கியே கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன் செங்கல்பட்டிலிருந்து உங்களுக்குப் போன் வந்தது. வைத்ததும் நீங்கள் டீயை நகர்த்திவைத்தீர்கள். ஏட்டு தொப்பியைக் கழற்றினார். எனக்குப் புரிந்துவிட்டது. இனி இந்த வழக்கின் பிரிவும் மாறும், தெரியும். பில்டரை எடுத்தது நான். திரும்ப வைக்காததும் நான். வைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று தெரிந்தே வைக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு உதவி மட்டும். உடலை அறுக்கிறவர்களிடம் நுரையீரலில் ஒரு சிறு துண்டைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் நிலையைப் படங்கள் முழுதாகக் காட்டாது. அது இருந்தால்தான் கட்டுரை முடியும். எங்கே உட்கார வைத்தாலும் நான் எழுதி முடித்துவிடுவேன். உலகத்தில் யாரிடமும் இல்லாத முடிவு அது. உங்கள் மகளைப் போல இனி வருகிற பிள்ளைகள் அதனால்தான் பத்திரமாக இருப்பார்கள்.

அதில் பூங்கொடி பெயரைத்தான் முதலில் போடப்போகிறேன். என் பெயர் இரண்டாவதுதான். பொறாமை பிடித்தவள் செய்கிற காரியமா, சார், இது? அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.