ஒளி இறங்கும் திசைக்கே போகும் குன்வோர் அம்மையாருக்கு

ஸ்வார்ட்விகா துருவ ஒளி ஆய்வு நிலையத்தில் முப்பத்தொரு குளிர்காலம் வானைக் கண்ணும் கருத்துமாய்க் காத்து, வந்த ஒளியை வரவேற்று, போன ஒளியின் திசையைக் கேட்டறிந்த எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய குன்வோர் அம்மையார் அவர்களே!

வடதுருவத்தை ஒட்டிய நம் ஸ்வால்பார்ட் தீவின் வழக்கப்படி காலணிகளை வாசலிலேயே கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு உங்கள் முன் நிற்கிறோம். காலுறையில் ஓட்டை உள்ளவர்கள் பின்வரிசைக்குப் போய்விட்டார்கள். மடலைப் படிக்கும் பெருமை ஓட்டையில்லாத காலுறைக்காரருக்கு வாய்த்தது. வேறு தகுதி எதுவும் அவருக்கு இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை.

முதியோர் தங்கிக் காலம் கழிக்க இத்தீவில் வசதியில்லை. முட்டி வலியும் மூப்பும் வந்தால் தெற்கே இறங்கத்தான் வேண்டும். நீங்களும் தெற்குக் கடலோர லிஸ்டாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறீர்கள். போன வாரம் பெட்டி கட்டும்போது ஒரு சொல் சொன்னீர்கள்: “அங்க போய் நான் எதப் பாக்கறது? மழையத்தான் பாக்கணும். இனிமே என்னக் கூப்பிட உங்களுக்கும் ஒரு காரணம் இருக்காது.” சொல்லிவிட்டு நீங்கள் பெட்டியை மூடிவிட்டீர்கள். எங்களுக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்த மடல் அந்தச் சொல்லுக்கு நாங்கள் தரும் பதில்.

மரப்பொத்தான் மாதரசியே! பூமியின் காந்தத்தை அளக்கும் காந்தமானி இருக்கும் குடிலுக்குள் இரும்பு நுழையலாகாது என்பது நம் நிலையத்தின் விதி. நாங்கள் சாவியையும் பெல்ட்டையும் வாசல் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போவோம், வெளியே வந்ததும் விதியை மறப்போம். நீங்களோ உடுப்புக்கெல்லாம் மரப்பொத்தான் தைத்துக்கொண்டீர்கள். பெர்கனில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் அதே பொத்தான்களோடு போய், பெண்ணின் மாமியாரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வந்தீர்கள்.

பகலும் இருண்டு கிடக்கும் டிசம்பரில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தலைக்கு நேர்மேலே வானில் செவ்வொளி படர்ந்தால் தட்டை அப்படியே விட்டு எழுந்தவர் நீங்கள். அசையாமல் கிடக்கும் பச்சை வில் எப்போது நெளியும், நெளிந்தது எப்போது மடிப்பு மடிப்பாய்ச் சிதறும், சிதறியது எப்படித் திட்டுத் திட்டாய் மினுங்கி அடங்கும் என்று, காந்தமானி திரையில் வரையும் கோட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தே கழிந்தது உங்கள் வாழ்வு. உங்கள் மீன் வடையை ஒருநாளும் நீங்கள் சூடாகச் சாப்பிட்டதில்லை.

அந்தப் பிப்ரவரி மாலையை இங்கே சொல்லாமல் விட்டால் இந்த மடல் உப்பில்லாப் பண்டம். பனிக்கரடிக்கு அஞ்சித் தோளில் துப்பாக்கி இல்லாமல் குடில் பக்கம் போக முடியாது. அந்தத் துப்பாக்கியைக் குடில் சுவரில் சாத்திவிட்டாலோ கோடு துள்ளிவிடும். உங்களைத் தவிர இந்தப் பிழையைச் செய்யாதவர் இந்தக் கூடத்தில் எவரும் இல்லை. அன்று கோடு திரையை விட்டே தாவியது. அரக்கப்பரக்க வெளியே ஓடிப் பார்த்தோம். மேகமில்லாத வானத்தில் நட்சத்திரங்களைத் தவிர ஒன்றுமில்லை. இதோ முன்வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் நம் நிலையத் தலைவர் வெட்லேவுக்கு மூக்கின் மேல் கோபம்.

“எவன் துப்பாக்கியச் சாத்தி வெச்சிட்டு வந்தது?”

எல்லாத் துப்பாக்கிகளும் வாசல் மாடத்தில்தான் இருந்தன. அவர் நம்பவில்லை. “அப்ப எவனோ சத்தமில்லாம எடுத்துட்டு வந்துட்டான். இன்னைக்குப் பதிவு குப்பை, அழிச்சிடுங்க.”

நீங்கள் கையிலிருந்த கம்பளிப் பின்னலைக் கூடக் கீழே வைக்கவில்லை. “பொறு வெட்லே. கோடு பொய் சொல்லல. வெளிச்சம் நம்மளத் தாண்டித் தெக்க இறங்கிடுச்சு.”

“தெக்கயா? சும்மா இருங்கக்கா. தெக்க என்ன இருக்கு?”

“என் தங்கச்சி இருக்கா.”

எல்லாரும் கேட்கும்படி தொலைபேசியை மேசைமேல் வைத்தீர்கள். “மோல்ஃப்ரிட், வெளிய போய் வானத்தப் பாரு.”

“அடுப்புல மீன் இருக்குக்கா.”

“மீன் எங்கயும் போகாது. இது போயிடும்.”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தக் குரல் வந்தது: “அக்கா, தலைக்கு மேல எல்லாம் செவப்பா இருக்கு. கீழ பச்சையா ஆடுது. தெருவே வெளிய நிக்குது. இதத்தான் நீ அங்க பாத்துக்கிட்டு இருக்கியா இத்தன வருஷமா?”

காந்தப் புயல் பெரிதானால் துருவத்தைச் சுற்றிய ஒளிவளையம் விரிந்து தெற்கே இறங்கும், வளையத்தின் நடுவே அகப்பட்ட நமக்கு வெறும் வானமே மிஞ்சும் என்று நாங்களும் படித்தவர்கள்தாம். படித்த அத்தனை பேருக்கும் அன்று துப்பாக்கிதான் நினைவுக்கு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆகாமல் அந்தப் பதிவைக் காப்பாற்றினீர்கள். இத்தனை ஆண்டில் நம் நிலையம் கண்ட ஆகப்பெரிய புயல் அது. உங்கள் தங்கை வீட்டு மீன் கருகிப்போனது. அவரிடம் நிலையத்தின் சார்பில் இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

அம்மையீர், நீங்கள் இல்லாத மேசையை நினைக்கவே எங்களுக்கு மனமில்லை, அதை மறைக்க எங்களுக்குத் தெரியவில்லை. முட்டி வலி நீங்கி, கண்ணொளி குன்றாது, தங்கை கைச் சமையலைச் சூடாகவே உண்டு, நீங்கள் நூறாண்டு நலமுடன் வாழ வேண்டும்.

கூப்பிடக் காரணம் இருக்காது என்றீர்கள். கோடு துள்ளி எங்கள் வானம் வெறிச்சோடும் மாலைகளில் இனி யாரும் துப்பாக்கியைத் தேடமாட்டோம், உங்களைத்தான் கூப்பிடுவோம். அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு வெளியே வாருங்கள். என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று சொல்லுங்கள். வெறும் வானத்தின் கீழே நாங்கள் எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருப்போம்.

இங்ஙனம்,
உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்
ஸ்வார்ட்விகா நிலையத்தார்