கரண்டியைப் பிடிக்க ஒரு ஆள்

கோப்பையைக் கீழ வச்சிட்டீங்களா சம்பந்தி? சரி, இருக்கட்டும். வந்த காரியத்துக்குச் சம்மதம்னு என் வாயால வர்ற வரைக்கும் அதைத் தொட மாட்டீங்க. நீங்க தொடாம, கூட வந்த பெரியவங்களும் தொட மாட்டாங்க. நம்ம கரக் ஊர் வழக்கம், அதை நானா மாத்தப் போறேன்? ஆனா நான் பேசி முடிக்கிறதுக்குள்ள காப்பி ஆறிடும். ஆறட்டும். விருந்தாளி முன்னாடி காப்பி ஆறுனா வீட்டுக்காரனுக்கு அசிங்கம்னு எனக்கும் தெரியும்.

என்னது? இல்ல, சின்னவ நௌஃப் போடல. நான் போட்டது. ஏலக்காய் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

சிரிக்கிறீங்க பாத்தீங்களா. சிரிங்க, எனக்குப் பழகிப் போச்சு. என் வீட்டுக்காரி மௌத்தானப்போ, பெரியவ வத்ஹா பள்ளிக்கூடம் போற பிள்ளை, இந்த நௌஃப் கைக்குழந்தை. இன்னொருத்தியைக் கட்டுன்னு ஊரே சொல்லுச்சு. எதுக்கு, சோறாக்கவான்னு கேட்டேன். ஆமான்னாங்க. அதுக்கு நானே அடுப்பைப் பத்த வச்சுக்கிறேனேன்னுட்டேன். முதல்ல ஆக்குன சோறு ஒரு பக்கம் குழைஞ்சு ஒரு பக்கம் அரிசியா கிடந்துச்சு. வத்ஹா மூச்சு விடாம தின்னா. அப்புறம் ரெண்டு பேருமாத்தான் கத்துக்கிட்டோம். கேஸ் சிலிண்டர் மாத்த நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். பித்தான் தைக்க அவ பக்கத்து வீட்ல கத்துட்டு வந்து எனக்குச் சொல்லிக் குடுத்தா. மாடியில துணி காயப்போட்டா, எதிர் மாடியில உங்க தம்பி நின்னுக்கிட்டு, என்ன புதுப்பொண்ணே, மாமியா திட்டினாளான்னு கேப்பாரு. அந்தா, மூணாவதா உக்காந்திருக்காரே, அவருதான். கேட்டுப் பாருங்க.

அப்படி வளந்த பொண்ணைத்தான் உங்க மகன் தாமருக்குக் குடுத்தேன். குறை சொல்ல முடியுமா அவளை? முடியாது. அதான் அவ போனதும் அதே தாமருக்குத் தங்கச்சியைக் கேட்டு வந்திருக்கீங்க.

இருங்க, நான் முடிச்சுக்கிறேன். மன்ஸஃபுக்கு ஜமீது கிண்டத் தெரியுமா உங்களுக்கு? திங்கிறதைக் கேக்கல. தாம்பாளத்தைச் சுத்தி நின்னுட்டு, கறியும் சோறுமா உருட்டித் திங்கிறோமே, அது மேல ஊத்துற குழம்பைக் கேக்குறேன். தெரியாதுல்ல? காஞ்சு கல்லாட்டம் இருக்கிற தயிர்க்கட்டியை ஊற வச்சு, கரைச்சு, அடுப்புல ஏத்துறது. ஏத்திட்டா, கொதி வர்ற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. கொஞ்சம் விட்டாலும் திரிஞ்சு போகும், தண்ணி தனி தயிர் தனியா. பந்தியில மானம் போயிடும். அதனால கிண்டுறவங்க அந்த இடத்தை விட்டு அசைய முடியாது. இன்னொருத்தர் வந்து கரண்டியை வாங்கிக்கிட்டாத்தான் உண்டு. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல சம்பந்தி. கை இருக்கிற யாரும் கிண்டலாம்.

வத்ஹா விழுந்த அன்னைக்கு உங்க வீட்ல அப்படித்தான் நின்னா. வயித்தைக் கிழிச்சுப் பிள்ளையை எடுத்த தையல் காயல. உங்க வீட்டம்மா உம்ரா யாத்திரை போயிருந்தாங்க. விருந்தாளி வந்துட்டாங்கன்னு ஆட்டை அறுத்தீங்க. அது ஆம்பளை வேலை, சரி. தோலை உரிச்சு, துண்டு போட்டு, அடுப்படி வாசல் வரைக்கும் கொண்டாந்து வச்சீங்க. வாசலைத் தாண்டல ஒருத்தரும். நீங்க, தாமர், அவன் தம்பிங்க, அத்தனை பேரும் மலை மாதிரி ஆளுங்க.

அல்லா விதிச்சதுன்னா சொல்றீங்க? ஜனாஸா தூக்கி அடக்கம் பண்ணின அன்னைக்கும் அதான் சொன்னீங்க. உள்ளுக்குள்ளயே ரத்தம் விட்டிருக்கு, கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னதும், நீங்க என் தோள்ல சாஞ்சு அழுதீங்க. ஒரு குரல் குடுத்திருந்தா ஓடியிருப்போமே, வாயைத் திறக்காமயே விழுந்துட்டாளேன்னு. நானும் நம்பினேன். என் பொண்ணு அழுத்தக்காரிதான், அப்படித்தான் நின்னிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன்.

பிள்ளையா? உள்ள தூங்குறான். ரகானுக்கு இப்பத்தான் பால் கலக்கிக் குடுத்தேன். வெந்நியைப் புறங்கையில விட்டுப் பாத்துக் கலக்கணும், தாமருக்குத் தெரியாது அது. வெள்ளிக்கிழமை வருவான், கொஞ்சுவான், பிள்ளை நனைச்சிட்டா என்கிட்ட நீட்டிட்டுக் கையைத் துடைச்சுக்குவான்.

ஆமா, தெரியும். பொண்ணு தரலன்னா பேரனைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. எங்க ரத்தம்னு சொல்லுவீங்க, கூட வந்தவங்க தலையை ஆட்டுவாங்க. அந்தப் பயம்தான் என்னைத் தின்னுச்சு. உங்க ஆள் வந்து சொல்லிட்டுப் போனதும் நௌஃபைக் கூப்பிட்டு, பிள்ளைக்காகச் சரின்னு சொல்லிடலாமாம்மான்னு கேட்டேன். கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டேன். அப்பத்தான் அவ வாயைத் திறந்தா. அதுவரைக்கும் மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கிக்கிட்டு இருந்திருக்கா.

அதனால நான் சொல்றது இதுதான். தாமர் இங்க வரட்டும். பால் கலக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட, சோறாக்க, துணி அலச, எல்லாம் நான் காட்டிக் குடுக்கிறேன். கை படிஞ்சதும் அவன் பிள்ளையை அவனே கூட்டிட்டுப் போகட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். அவன் பிள்ளை, எனக்குத் தெரியாதா. ஆனா நௌஃப் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டா.

கோவப்படாதீங்க. ஏன்னு கேக்குறீங்க, சொல்லிடுறேன். அக்காளும் தங்கச்சியும் போன்ல பேசிக்கிட்டே சமைக்கிறது அவங்களுக்குப் பழக்கம். அன்னைக்கும் வத்ஹா ஸ்பீக்கரைப் போட்டு அடுப்பு மேடையில வச்சிருந்தா, கை கரண்டியில இருந்துச்சே. அவ கூப்பிட்டிருக்கா சம்பந்தி. யாராவது வந்து கரண்டியைப் பிடிங்க, எனக்கு என்னமோ பண்ணுதுன்னு. ஒருக்கா இல்ல, திருப்பித் திருப்பி. கூடத்துலருந்து நீங்கதான் பதில் சொன்னீங்களாம். இங்க மீசை வச்சவங்கதான் இருக்கோம், கரண்டி பிடிக்க ஆள் இல்ல, நீயே முடிம்மான்னு. எல்லாரும் சிரிச்சீங்களாம். நௌஃப் பதறிப்போய் தாமருக்குப் போன் அடிச்சிருக்கா, அவன் கட் பண்ணிட்டான். திரும்ப அக்கா போனுக்கு வந்தா, கரண்டி கீழ விழுற சத்தம். அப்புறம் ஜமீது பொங்கி அடுப்புல வழியிற சத்தம். என்னமோ தீயுதேன்னு சத்தம் போட்டுக்கிட்டுத்தான் நீங்க எந்திரிச்சிருக்கீங்க. அதுவரைக்கும் அத்தனையும் காதுல வாங்கிக்கிட்டு நின்னது, நீங்க இப்பக் கேட்டு வந்திருக்கீங்களே, அந்தப் பொண்ணுதான்.

சரி, அதைக் கொண்டாங்க. இல்ல, அவளைக் கூப்பிட வேணாம். கோப்பையை நானே கழுவிக்கிறேன்.