மூட்டை அடுக்கிய கதவு

சாமளாபுரத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர். பனியன் கம்பெனிகளில் தீப்பாதுகாப்பு அதிகாரிகள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நரைத்தவர் சொன்னார்:

“நம்ம சங்கத்தோட மொத கூட்டத்துல ஒருத்தருமே உக்காரலீங்க.”

“ஏனுங்க, சேர் பத்தலீங்களா?” என்றார் இளையவர்.

“சேரெல்லாம் இருந்துச்சுங்க. ஒரு கம்பெனியோட மூணாவது மாடியில கூடுனோம். வந்தவங்க எல்லாருமே ஃபயர் ஆபீசருங்க. உள்ள நுழைஞ்சதும் அவசரக் கதவத்தான் தேடுனோம். அதை மறைச்சு மேல வரைக்கும் பனியன் மூட்டை. கீழ் மாடியில துணி வேஸ்ட் குடோன். படிக்கட்டுல நின்னுட்டேதான் தலைவரத் தேர்ந்தெடுத்தோம். எந்தக் கம்பெனியிலயும் அவசரக் கதவ மறைக்கக் கூடாதுன்னு மொத தீர்மானம் போட்டோம். அதை முதலாளிகிட்ட யாரு சொல்றதுன்னு கேட்டப்ப ஒருத்தரும் வாயத் தொறக்கலீங்க.”

இளையவர் சிரிக்கவில்லை. “எந்தக் கம்பெனிங்க அது?”

நரைத்தவர் பெயரைச் சொன்னார்.

“இப்ப நான் அங்கதானுங்க இருக்கேன்.”

“அப்படிங்களா? மூட்டைய எடுத்துட்டாங்களா?”

“இல்லீங்க. வாராவாரம் கேக்கறேன். இந்த ஷிப்மென்ட் போகட்டும்ங்கறாரு முதலாளி. அது போனா அடுத்தது வந்துருதுங்க.”

“அந்த மாடியில இப்ப என்ன நடக்குதுங்க?”

“தையல் செக்ஷன். அத்தனையும் பொம்பளைங்க.” அவர் குரல் இறங்கியது. “எம் பொண்டாட்டியும் அங்கதானுங்க.”

கொஞ்ச தூரம் போனபிறகு இளையவரே சொன்னார்:

“என்னால முடிஞ்சது ஒண்ணுதானுங்க. அவ மிஷின மட்டும் படிக்கட்டு ஓரமா மாத்திப் போட்டுட்டேன்.”