இடது தோள் பூ

அரளிப்பூவை வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். ஏறிவிட்டால் இதழ் துவண்டு, கல்லில் ஒட்டாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். இன்ஸ்பெக்டர் ஐயா ஊருக்குப் புதியவர் என்பதால் எழுதுகிறேன்.

சம்பங்கி என்ற என் அம்மாவைக் கிணற்றில் தள்ளியதாக லாரி டிரைவர் ஆஞ்சப்பனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அன்று சாயங்காலம் அவர் லாரி எங்கள் தெருமுனையில் நின்றதாம். நின்றது உண்மை. ஒரு சீலையோடு வந்தார், வழக்கம்போலத் தாமதமாக. அவரை விட்டுவிடலாம். ஒருவரைக் கொல்ல முன்கூட்டி யோசிக்க வேண்டும். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

என் பெயர் காவேரி. வயது பதினாறு. எட்டாம் வகுப்பு தேறியவள். ஊரில் பாதிப்பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது நான்தான். அப்பா இறந்த பிறகு அம்மா ஜூஜுவாடியில் மைசூர் எல்லைச் சாவடிக்கு அருகே லாரிக்காரர்களுக்குக் களி கிண்டிப் போட்டாள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆஞ்சப்பன் வந்து உட்காரும் நாட்களில் மட்டும் அவள் குரல் மாறும். பூ வைக்க முடியாதவள் ஆகையால் கனகாம்பரத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பாள். பார்க்கச் சகிக்காது. அந்த ஆளோ சாப்பிடும்போதும் சட்டைப்பையில் சீப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். என்னை டீச்சர் படிப்புக்கு பெங்களூரில் சேர்த்துவிடுவாராம். அவருக்குத் தம் பெயரை எழுதத் தெரியாது.

எங்கள் ஜனத்தில் புருஷன் போனவள் வேறொருவரோடு சேரலாம். பெரியவர்கள் முன்னால் அவர் ஒரு சீலை கொடுத்தால் போதும். அதற்கு முன் அம்மனிடம் பூ கேட்க வேண்டும். பூசாரி அம்மன் கல்லின் இரண்டு தோளிலும் தண்ணீர் தொட்டு ஒவ்வொரு பூ ஒட்டுவார். வலப்பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடப்பூ விழுந்தால் கூடாது. மூன்று முறை வரை கேட்கலாம், அதில் ஒருமுறை வலப்பூ விழுந்தாலும் சம்மதம்தான். கல்லைக் கழுவிப் பூ கொண்டுவருவது அந்த வீட்டுக் கன்னிப்பெண்.

"பூ கீ எல்லாம் பேடா, வேணாம் சம்பங்கி. சீலைய வாங்கிக்கினு வண்டில ஏறு," என்றார் ஆஞ்சப்பன். அவர் வாயிலிருந்து வந்த ஒரே புத்தியுள்ள பேச்சு அதுதான்.

அம்மா ஒப்பவில்லை. "எம் மவ கழுவட்டும். எல்லாம் அவ கையால ஆவட்டும்," என்றாள்.

அப்படியே ஆயிற்று. கல்லின் இடது தோளில் விளக்கெண்ணெயை விரல்நுனியால் தேய்த்தேன். வலது தோளில் வேலம்பிசின். பூசாரி சென்றாயன் கல்லைப் பார்த்து யாரும் பார்த்ததில்லை, தட்டைத்தான் பார்ப்பார். அவர் கையை எடுத்ததும் இடப்பூ விழுந்தது. மறுநாளும் வலப்பூ அசையாமல் இருந்ததாம். ஆத்தாளுக்கு எவ்வளவு உறுதி என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. இவர்களுக்குத்தான் நான் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னொரு முறை கேட்க அம்மாவுக்குப் பயம். ஆஞ்சப்பனை அவளே போகச் சொல்லிவிட்டாள்.

அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். பூ கேட்பதற்கு முன்பே தெரியும். காலையில் கொல்லையில் வாந்தி எடுத்துவிட்டு அதன்மேல் சாம்பல் தூவுவாள். என்னிடம் மறைக்கிறாளாம்.

லாரி வந்து நின்ற அன்று மத்தியானம் நான் ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு, இன்னொரு வாட்டி கேட்டுப் பாக்கலாமா?"

"வேணாம்னு சொன்னத மறுபடி கேட்டா ஆத்தா கோவிச்சுக்குவா," என்றேன்.

அப்படி ஒரு வழக்கம் இல்லையென்று அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சரி, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். கயிறு முளையிலேயே தொங்கியது. கயிறு இல்லாமல் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. பார்த்தேன். மாவு பாதிதான் ஆகியிருந்தது. சலித்து முடித்தேன்.

எல்லாம் அவள் மானத்துக்காகச் செய்தது. எனக்கென்று எதுவும் இல்லை. அந்தக் கல்லில் ஒருத்தி இருப்பதாகவும் நான் நம்பவில்லை. ஆனாலும் இன்று காலை, இதை எழுத உட்காருமுன், கல்லை எண்ணெயும் பிசினும் போகத் தேய்த்துக் கழுவி, நான் செய்தது சரிதானா என்று பூ கேட்டேன். இடப்பூ விழுந்தது. மறுபடி கேட்டேன், அப்போதும் இடப்பூதான். மூன்றாவது முறை வலப்பூ விழுந்தது.