முன் சக்கரத்து அம்புக்குறி

டயர் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் எங்கே வண்டி ஓட்டுகிறோம் என்பதே தெரியாது, ஐயா. கடைக்குள் நுழையும்போதே மலை, காடு, ஆறு என்று அளப்பார்கள். வண்டியைப் பார்த்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து மொட்டையாகியிருக்கும். நேராகத் தார் ரோட்டில் ஆபீசுக்குப் போய் வருகிற வண்டி. அப்படிப்பட்டவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். "போன வாரம் எங்கெங்க போனீங்க, அதைச் சொல்லுங்க. அடுத்த வருஷம் போகப்போறதை அப்புறம் பேசலாம்."

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி. வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே என் மகள், அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுக்கச் சொல்லுங்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். துக்கத்தில் உளறுகிறாள், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நீங்கள் எனக்கு ஆள் அனுப்பினீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆனால் இன்று கூட்டிக்கொண்டு போனால் நாளை மறுபடி வருவாள். நீங்கள் விரட்டினால் கோர்ட்டுக்குப் போவாள். அவளுக்கு இந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது. கடைசியில் டயர் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு அவள் புருஷன் வண்டியின் முன் சக்கரத்தைக் காட்டுவீர்கள். அவர் கட்டைவிரல் நகத்தால் ரப்பரை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது என்று தோன்றியது.

அவள் பிறந்து நடக்கப் பழகிய கொஞ்ச நாளில் அவள் அம்மா போய்விட்டாள். சாகவில்லை, போய்விட்டாள். ஒரு பையும் குடையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு பாப்பாவைக் கடையிலேயே வைத்து வளர்த்தேன். லாரி டயரைத் தரையில் படுக்கப் போட்டு, அதற்குள் உட்கார வைத்துவிட்டு வேலை பார்ப்பேன். பத்தாவது படிக்கும்போதே லீவர் கம்பி போட்டு நெம்பி டயர் கழற்றுவாள். கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்டே காற்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்வாள். என் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, அவளைப்போல் சக்கரம் மாட்டுகிற கை இந்த வட்டாரத்தில் கிடையாது. கல்யாணமான பிறகும் பாப்பா என்றுதான் கூப்பிட்டேன். மாப்பிள்ளை அதைக் கேலி செய்வார்.

மாப்பிள்ளைக்கு ஊரில் டவர் என்று பேர். செல்போன் டவரில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை, ஆளும் அதற்கேற்ற உயரம். எங்கள் கடையில் தலை இடிக்காமல் அவர் நுழைந்ததே இல்லை. பஞ்சர் ஒட்ட வந்தவர் வாரா வாரம் பஞ்சரோடு வந்தார். ஒரு மனிதனுக்கு இத்தனை ஆணி எங்கிருந்து கிடைக்கிறது என்று நானே யோசித்தேன். கல்யாணம் செய்து வைத்தேன். பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்தார்கள். அவள் காலையில் கடைக்கு வந்துவிடுவாள், மாலையில் போவாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரிடமும் எனக்கு விரோதம் இல்லை. மாமா மாமா என்று உயிரை விடுவார்.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, எனக்கு மாத்தல் வந்திருக்கு. கடலோரம். பெரிய ஊரு," என்றார் அவர்.

"அங்க நானே ஒரு கடை போடப்போறேன்பா," என்றாள் இவள். "உங்க கடை மாதிரியே. நீங்க வந்து திறந்து வைக்கணும்."

நான் சந்தோஷம் என்று சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன். ஒருத்தி சொல்லாமல் போனாள், இன்னொருத்தி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

மாற்றலாகிப் போவதற்குள் மலைமேல் இருக்கிற டவர்களையெல்லாம் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. அவருடைய பைக்கில் டயர் தேய்ந்திருந்தது. என்னிடம்தானே கேட்பார்.

"மாமா, கீழே தார் ரோடு, மேலே சரளை, கடைசியில கொஞ்சம் சேறு. எந்த டயர் போடலாம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குத்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன். பட்டன் டயர் என்று சொல்கிறோமே, கட்டை கட்டையாக இடைவெளி விட்டு இருக்குமே, அது மண்ணைக் கவ்வும். ஆனால் ஈரமான தார் ரோட்டில் அதற்குப் பிடி குறைவு, ஏனென்றால் ரோட்டில் படுகிற ரப்பர் கொஞ்சம்தான். ரோட்டு டயர் நேர்மாறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. கட்டைகள் நெருக்கமாக இருக்கும், நடுவில் ரப்பர் தொடர்ச்சியாக ஓடும். முக்கால்வாசிக்கு மேல் தாரில் போகிறவனுக்கு அதுதான் சரி. எந்த டயரானாலும் ரப்பர் புதிதாக, இளக்கமாக இருக்க வேண்டும். இதை ஒரு குழந்தையிடம் சொல்வதுபோல் வாடிக்கையாளரிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவரிடம் பட்டன் டயர் போடுங்கள் என்றேன்.

பாப்பா உடனே தலையை நிமிர்த்தினாள். "அப்பா, இவருக்கு முக்கால்வாசி தார் ரோடு. அதுவும் வளைவு. முன்னாடி எதுக்குப் பட்டன்?"

"மேலே சரளைல முன்சக்கரம் இழுத்துட்டுப் போச்சுன்னா யாரு பிடிப்பா? நீ போய்ப் பிடிப்பியா?"

"நடுத்தரமா ஒண்ணு இருக்கேப்பா."

"விடு பாப்பா," என்றார் மாப்பிள்ளை. அவரும் அன்று வேண்டுமென்றே அப்படிக் கூப்பிட்டார். "மாமாவுக்குத் தெரியாததா?"

அவள் சரியாகச் சொன்னாள் என்பதில் எனக்குப் பெருமைதான். நான் சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை.

பின் சக்கரத்துக்குப் புது டயர் கொடுத்தேன். முன் சக்கரத்துக்கு வேறு. கடைப் பரணில், தகரக் கூரைக்கு அடியில், பல கோடையைப் பார்த்த ஒரு பட்டன் டயர் கிடந்தது. ஓடாத டயர், அதனால் கட்டையெல்லாம் முழுசாக இருக்கும். ரப்பர் மட்டும் மரக்கட்டையாகிவிட்டது. பாப்பா வங்கிக்குப் போயிருந்தபோது அதை இறக்கிக் கழுவினேன். தயாரித்த வருஷம் குத்தியிருக்கிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். மேலே பாலிஷ் போட்டதும் புதுசுபோலப் பளபளத்தது. தூக்கிப் போட வேண்டியதை விற்றுவிட்டான் என்று நீங்கள் நினைக்கலாம். விற்கவில்லை, ஐயா. அவரிடம் நான் எதற்கும் காசு வாங்கியதில்லை.

மாட்டியது அவள்தான். சோப்புத் தண்ணீர் தடவி, லீவர் போட்டு, முழங்காலால் அழுத்தி மாட்டினாள். "ரொம்ப முரண்டு பிடிக்குதேப்பா," என்றாள். பட்டன் டயருக்குப் பக்கச் சுவர் கெட்டியாகத்தான் இருக்கும், ஓட ஓட இளகும் என்றேன். சக்கரம் சுற்றவேண்டிய திசைக்கு டயரில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தை வண்டியில் ஏற்றினாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு கால் எலும்பு. அவ்வளவுதான். கால் உடைந்தவர் டவர் ஏற முடியாது. ஏற முடியாதவருக்கு மாற்றல் எதற்கு? கடையில் உட்கார்ந்து கல்லாவைப் பார்த்துக்கொள்ளலாம். இவள் டயர் மாட்டுவாள். நானும் இருப்பேன். யாருக்கு நஷ்டம்? இப்படித்தான் யோசித்தேன். கழுத்து உடைவதைப் பற்றி நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அந்த மலை ரோட்டின் வளைவுகள் எனக்குத் தெரியும். லாரிகள் எப்படி இறங்கும் என்பதும் தெரியும். தெரிந்த விஷயத்தை நான் கிளறிப் பார்க்கவில்லை.

முதல் தூறல் விழுந்த அன்று, இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக் பிடித்திருக்கிறார். முன் சக்கரம் வழுக்கி, எதிரே வந்த லாரிக்கு அடியில் போய்விட்டார். உங்கள் ஆட்கள் வந்து பார்த்து, மழை, சறுக்கல் என்று முடித்துவிட்டார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். டயரில் பட்டன் முழுசாக இருந்தது, பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

பிணவறையில் நான்தான் அடையாளம் காட்டினேன். நன்றாக அழுதேன். நடிப்பில்லை. நல்ல பையன்.

நீங்கள் வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் கடைக்குப் பின்னால் நிறுத்தினோம். சேறு அப்பிக் கிடந்தது. பாப்பா அதன் முன்னால் போய்க் குந்தினாள். முன் டயரில் ஒரு கட்டையை நகத்தால் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"அப்பா, இது எப்ப வந்த சரக்கு?"

"போன மாசம். ஏன்?"

"நகமே இறங்கலையேப்பா."

உடைந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்காதே, உள்ளே வா என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கேட்டுக்கொண்டு வந்தாலும் மனசு அந்த ரப்பரிலேயே நின்றது எனக்குத் தெரிந்தது. ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டாள். இன்னும் ஒரு நாள் விட்டால் கண்டுபிடித்திருப்பாள். கண்டுபிடித்தால் என் முகத்தில் விழிப்பாளா?

மறுநாள் மதியம் அவருடைய பழைய துணிமணிகளை எடுத்துவரத் தன் மாமியார் வீட்டுக்குப் போனாள். நான் முன் சக்கரத்தைக் கழற்றினேன். டயரை எடுத்து, திருப்பி, அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசைக்கு எதிராகப் பார்க்கும்படி மாட்டினேன். பிறகு சேற்றையெல்லாம் கழுவினேன், அம்புக்குறி இருக்கிற இடத்தை மட்டும் பிரஷ் போட்டு நன்றாகவே கழுவினேன்.

திருப்பி மாட்டினால் யாரும் சாவதில்லை, ஐயா. மழையில் தண்ணீர் கொஞ்சம் சரியாக விலகாது, பிடி கொஞ்சம் குறையும். நிதானமான நேரத்தில் அவளிடம் கேட்டிருந்தால் அவளே உங்களுக்கு இதைச் சொல்லியிருப்பாள். ஆனால் அன்று மாலை அவள் அதைப் பார்த்தபோது நிதானமாக இல்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துணிப் பையைக் கீழே வைக்கவும் இல்லை.

"அப்பா, நான்தானே மாட்டினேன்."

தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் லீவரைத் தொடவில்லை. தன் மாமியாரிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றாள். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன், ஒருமுறைதான் சொன்னேன். போனாள். அந்த அம்மாள் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். சிநேகிதிகள் வந்தால் இவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள், அதனால் அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். வீடு காலி செய்து என்னோடு வந்துவிட்டாள். சமைக்கிறாள், எனக்குப் பரிமாறுகிறாள், சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் கொஞ்சம் வெளியே போனாலும், "எப்பப்பா வருவீங்க?" என்று கேட்கிறாள். சின்ன வயதில்கூட அப்படிக் கேட்டதில்லை. உள்ளங்கையில் வைத்துத்தான் தாங்குகிறேன். இப்படியே போய்விடும் என்றுதான் இருந்தேன். அவள் உங்களிடம் வருவாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். கெட்டுப்போன டயர் என்று தெரிந்தே கொடுத்தது நான். வருஷத்தை அழித்தது நான். அவர் விழ வேண்டும் என்று நினைத்ததும் நான். என்ன தண்டனை வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன், வக்கீல் வைக்க மாட்டேன்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அம்புக்குறியைத் திருப்பியதை மட்டும் எழுத வேண்டாம். டயர் பழையதாக இருந்ததும் ஒரு காரணம், அப்பா கவனக்குறைவாகக் கொடுத்துவிட்டார் என்று அவளிடம் சொல்லுங்கள். திருப்பி மாட்டியது அவள்தான் என்றே இருக்கட்டும். அப்படி இருந்தால் அவள் என்னைக் குற்றம் சொல்ல மாட்டாள், ஜெயிலுக்கு வாரா வாரம் பார்க்க வருவாள். உண்மை தெரிந்தால் அன்றைக்கே எங்காவது பஸ் ஏறிவிடுவாள். எனக்காகக் கேட்கவில்லை, ஐயா. நீங்களே வெளியே போய் அவளைப் பாருங்கள். புருஷன் இல்லை, மாமியார் வீட்டுக் கதவு சாத்தியாகிவிட்டது, கையில் இருந்த தொழிலும் போய்விட்டது. என்னை விட்டால் அந்தப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?